காமிராவின் தோல்

பழைய காமிராவைத் திறக்க வேண்டுமானால் முதலில் அதன் தோலை உரிக்க வேண்டும். இதை உருவகமாகச் சொல்லவில்லை. 1950, 60களில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்யப்பட்ட சிறிய 35 மில்லிமீட்டர் காமிராக்கள் பலவற்றில், முன்தட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் வெளியே தெரிவதில்லை. லென்ஸின் இருபுறமும் ஒட்டியிருக்கும் கறுப்பு உறைக்கு அடியில் அவை இருக்கின்றன. 1966-ல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35-ஐப் பழுதுபார்க்கிறவர் ஸ்குரூடிரைவரைத் தொடுவதற்கு முன்னால் மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, பிசின் இளகும்வரை காத்திருந்து, உறையைக் கிழியாமல் நெம்பி எடுக்கிறார். வேலூரில் எனக்கு இதைச் செய்து காட்டியவர், "தோல எடுத்தாத்தான் சார் உள்ளாற போவ முடியும்" என்றார். அவர் காமிராவைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி நூறு வருஷங்களுக்கு மேலாகத் தோலை நம்பியே ஜீவனம் நடக்கிற ஒரு பிரதேசத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சிறு வயதில் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். மகன் தோலிலிருந்து தப்பித்துக் காமிராவுக்கு வந்துவிட்டதாக இருவருமே நினைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, அப்படித் தப்பிக்க இடமிருக்கவில்லை என்பதைத்தான்.

யாஷிகாவின் உறை நிஜமான தோல் இல்லை, பிளாஸ்டிக். ஆட்டுத் தோலில் மயிர்க்கண்களும் சுருக்கங்களும் சேர்ந்து உண்டாக்கும் சொரசொரப்பை அச்செடுத்து அதன் மேல் பதித்திருக்கிறார்கள். தோல் போன பிறகும் தோலின் பாவனை வேண்டியிருந்தது, காமிரா என்றால் தோல் போர்த்தியிருக்க வேண்டும் என்று கைகள் பழகிப்போயிருந்ததால். இந்தப் பழக்கத்தின் சரித்திரம் ஆவாரம் பட்டையில் போய் முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கோடக் பட்டியல்களில், விலை கூடிய மடக்குக் காமிராக்களின் உறை 'பெர்ஷியன் மொராக்கோ' என்று பெருமையாகக் குறிக்கப்பட்டிருக்கும். பாரசீகம், மொராக்கோ என்று இரண்டு தேசங்கள் இந்தப் பெயரில் இருக்கின்றன. அக்கால லண்டன் தோல் வியாபாரத்தில் 'பெர்ஷியன்' என்ற சொல்லுக்குப் பாரசீகத்தோடு சம்பந்தமில்லை. இந்தியாவில், பெரும்பாலும் சென்னை ராஜதானியில், பட்டை போட்டுப் பதனிட்டு அனுப்பிய ஆட்டுத் தோலுக்கும் செம்மறித் தோலுக்கும் அங்கே வழங்கிய பெயர் அது. மாட்டுத் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று வடஆற்காட்டு ஊர்களில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரும் சதையும் சீவி, ஆவாரம் பட்டைக் குழியில் போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நிறம் ஏற்றி, எண்ணெய் தடவி உலர்த்தி, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றினார்கள். அது பாதி வேலை முடிந்த சரக்கு. சாயமும் பளபளப்பும் பெயரும் லண்டனில் ஏறின. மண்டியில் பெயர் மாறிய கணத்தில் ஊர் அழிந்துபோகிறது. பிறகு அமெரிக்காவில் ஒருவன் தன் காமிராவைத் தடவிப் பார்த்துப் பாரசீகத்தை நினைத்துக்கொள்கிறான்.

இந்தத் தோலுக்கு அங்கே கெட்ட பெயரும் இருந்தது. புத்தக பைண்டுகள் செம்மண்ணாக உதிர்வதைப் பற்றி விசாரிக்க லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் நியமித்த கமிட்டி 1901-ல் அறிக்கை கொடுத்தது. மிக மோசமாக உதிர்பவற்றில் அது இந்தியாவிலிருந்து வந்த 'பெர்ஷியன்' தோலைச் சேர்த்தது. 'டர்வார்' பட்டையில் பதனிட்டது, வெளிச்சத்திலும் விளக்குப் புகையிலும் சிவந்து பொடியாகிறது என்று சொன்னது. இந்த 'டர்வார்' நம் ஆவாரம்தான். நம்முடைய பட்டை என்பது குற்றம் சாட்டப்படும்போது மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. காமிராவின் உறையாகப் பாராட்டப்பட்ட இடத்தில் அது பாரசீகத்துடையது.

இனி நான் அவரிடம் கொண்டுபோன காமிராவுக்கு வருகிறேன். அது ஆக்ஃபா ஐஸோலெட், 1950களில் மூனிக்கில் செய்தது. மூடினால் கோட்டுப் பையில் அடங்கிவிடும். பொத்தானை அமுக்கினால் முன்கதவு திறந்து லென்ஸ் முன்னுக்கு வரும். 120 பிலிமில் 12 சதுரப் படங்கள். நம்மில் பலருக்கு ஆக்ஃபா என்றால் பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்துவந்த கிளிக் III என்ற எளிய பெட்டிதான் ஞாபகம் வரும். ஐஸோலெட் அதைவிட மேலான ஜாதி. ஆனால் அதற்கு இரண்டு பரம்பரை வியாதிகள் உண்டு. ஒன்று, லென்ஸின் மரையில் தடவிய பச்சை கிரீஸ் வருஷக்கணக்கில் இறுகிப் பிசினாகி, தூரத்தைச் சரிசெய்யும் வளையம் அசையாமல் போகும். இரண்டாவது, லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவில் மடிந்து விரியும் துருத்தியின் மூலைகளில் ஊசித் துளைகள் விழும்.

முதல் வியாதிக்கு அவர் செய்த வைத்தியத்தில் அவசரம் இல்லை. எண்கள் பொறித்த வளையத்தின் விளிம்பில் இருக்கும் மூன்று பொடித் திருகுகளைத் தளர்த்தி அதைக் கழற்றினார். கழற்றுவதற்கு முன்னால் அனந்த தூரத்துக்கு லென்ஸ் எங்கே நின்றது என்று ஒரு கீறல் போட்டுக்கொண்டார். கீறல் போடாமல் கழற்றினவன் திரும்பப் பூட்டும்போது அழுவான் என்றார். பிறகு முன் லென்ஸைக் கரைப்பானில் நனைப்பது, இலேசாகச் சூடு காட்டுவது, மறுபடி நனைப்பது. மூன்றாம் நாள் அது திரும்பியது. பச்சையைச் சுத்தமாக வழித்துவிட்டுப் புது கிரீஸ் வைத்துப் பூட்டி, பிலிம் ஓடும் இடத்தில் டிரேஸிங் காகிதத்தை இழுத்து ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்துக் காமிராவைத் தெருப்பக்கம் திருப்பினார். காகிதத்தில் கோட்டைக்குக் கிழக்கே இருக்கிற மலை தலைகீழாகத் தெரிந்தது. மலையின் விளிம்பு கூர்மையாகும்வரை லென்ஸை இழையிழையாகத் திருப்பி, வளையத்தை அந்த இடத்தில் இறுக்கினார்.

இரண்டாவது வியாதிதான் நம் விஷயம். விளக்கை அணைத்துவிட்டு, துருத்திக்குள் ஒரு சிறு பல்பை விட்டார். மடிப்பு மூலைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கசிந்தது. யுத்தத்துக்குப் பிறகு ஆக்ஃபா துருத்திக்குத் தோலை விட்டுவிட்டு, செயற்கைப் பூச்சுக் கொடுத்த துணிக்குப் போயிற்று. அதன் பலன் இது. அதற்கு முப்பது வருஷம் முந்திய காமிராக்களின் தோல் துருத்திகள் பல இன்றும் வெளிச்சத்தை உள்ளே விடுவதில்லை. அவர் பழைய துருத்தியைப் பெயர்த்துப் பிரித்துக் காகிதத்தில் அதன் மடிப்புகளை வரைந்துகொண்டார். உள்ளே மெல்லிய கறுப்புத் துணி, நடுவில் மடிப்புக்கு ஒரு கீற்றாகக் காகித அட்டை, வெளியே தோல். ஷூவுக்கு உள்புறம் தைக்கிற ஆட்டுத் தோல் வெட்டுத் துண்டுகள் ஆம்பூரிலிருந்து வந்தன. முதல் துருத்தி பார்க்க அழகாக இருந்தது. கதவை மூடினால் மூடவில்லை. தோலின் கனம் ஒரு காகிதத்தின் கனம் கூடிவிட்டது. இரண்டாவதைச் சதைப்பக்கம் சீவிச் சீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி சீவினார். அந்தக் கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்தது என்றார்.

இதுவரை நாம் காமிராவின் வெளியே இருந்தோம். உறை தோல், துருத்தி தோல். பிலிம் மட்டும் ரசாயனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1871-ல் ரிச்சர்ட் லீச் மாடாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து தகட்டில் பூசலாம் என்று எழுதினார். அதற்குப் பிறகு நூறு வருஷங்களுக்கு மேல் பிலிமும் படத்தாளும் அந்த வழியிலேயே வந்தன. ஜெலட்டின் என்பது கால்நடைகளின் தோலையும் எலும்பையும் சுண்ணாம்பில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும் வஸ்து. தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழியில் சீவி எறியும் துண்டுகள் உலகெங்கும் பசைக்கும் ஜெலட்டினுக்கும்தான் போகின்றன. வெள்ளி உப்பை ஏந்தி நிற்பதோடு அதன் வேலை முடிவதில்லை. கோடக்கில் சாமுவேல் ஷெப்பர்ட் 1925-ல் கண்டுபிடித்தது: பிலிமின் கூர்ந்த பார்வைக்கு ஜெலட்டினில் ஒட்டியிருக்கும் இம்மியளவு கந்தகச் சேர்மமே காரணம், அது மாடு மேய்ந்த கடுகினச் செடிகளிலிருந்து வருகிறது. மாடு மேய்ந்ததற்கும் படம் விழுந்ததற்கும் இவ்வளவு கிட்டின உறவு.

இன்னும் ஒன்று இருக்கிறது. குரோமியத்தை வைத்துத் தோல் பதனிடும் முறைக்கு 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையில் இரண்டு தொட்டிகள். முதல் தொட்டியில் டைக்குரோமேட். இரண்டாவதில் ஹைப்போ. இருட்டறையில் படத்தை நிலைக்க வைக்கும் அதே ஹைப்போ. டைக்குரோமேட்டும் புகைப்படக்காரர்களுக்குப் பழையதுதான். அது தடவிய காகிதத்தில் வெயில் படம் எழுதுகிறது என்று முங்கோ பாண்டன் 1839-லேயே காட்டினார். டைக்குரோமேட் கலந்த ஜெலட்டின் வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகுகிறது என்பதை வைத்து ஃபாக்ஸ் டால்பட் 1852-ல் அச்சுத் தகடு செய்யக் காப்புரிமை வாங்கினார். ஜெலட்டின் இறுகுவதும் தோல் பதப்படுவதும் அடிப்படையில் ஒரே காரியம். வெளிச்சம் அங்கே தோலைப் பதனிடுகிறது. நம் சிறுபத்திரிகைகளின் அட்டைகளில் வந்த கோட்டோவியங்களுக்கெல்லாம் துத்தநாக பிளாக் செய்தவர்கள் டைக்குரோமேட் கலந்த பசையைத்தான் தகட்டில் பூசினார்கள். ஆம்பூர்க் குழியிலிருந்து நாம் நினைத்திருந்த தூரத்தில் நம் பத்திரிகைகள் இருக்கவில்லை.

இந்த உறவுகள் சென்னையில் ஒரே கட்டடத்துக்குள் இருந்திருக்கின்றன. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளி, பிறகு அரசாங்கக் கலைத்தொழில் பள்ளியாயிற்று. 1850களிலேயே அங்கே புகைப்படம் கற்றுக்கொடுத்தார்கள். அதே பள்ளியில் ஆல்பிரெட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடும் சோதனைகளை ஆரம்பித்தார். தண்ணீரில் ஊறினாலும் கெடாத கவலைச் சாலுக்கும் செருப்புக்கும் தோல் வேண்டும் என்பது அவர் யோசனை. அதே பள்ளி பின்னாளில் பணிக்கரின் கலைக் கல்லூரியாகி, ஆதிமூலம் போன்றவர்களை நமக்குக் கொடுத்தது. நம் நவீன ஓவியத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஹண்டரிலிருந்து பணிக்கருக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற தோல் தொட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. அது கலையைச் சேர்ந்தது இல்லை என்று தீர்மானித்தது எந்த ரசனை?

ரசனை என்றேன், ஜாதி என்று சொல்லியிருக்க வேண்டும். வேலூரின் பெயர் உலக சரித்திரத்தில் ஏறியதும் தோலினால்தான். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, கும்பினி கொண்டுவந்த புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம். மிருகத்தின் தோல் தலையில் படுவதை ஹிந்துவும் சகிக்கவில்லை, முஸ்லிமும் சகிக்கவில்லை. அவர்களுடைய பேரன்மார் காலத்தில் ஸ்டூடியோக்கள் வந்தன. ஜெலட்டின் பூசிய தாளில் அச்சான தாத்தாவின் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜையறையில் மாட்டினார்கள். தோலைத் தொட்டவன் வாசல்படிக்கு வெளியே நின்றான். தோல் சாமிக்குப் பக்கத்தில் தொங்கியது. இது யாருக்கும் தெரியாமலே நடந்தது என்பதால் இதன் அர்த்தம் குறைந்துவிடாது.

படத்தில் யார் எப்படி இடம்பெற்றார்கள் என்பது அடுத்த கேள்வி. சென்னை மியூசியத்தின் சூப்பரிண்டெண்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு பாகங்களில் தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றிய நூலை வெளியிட்டார். அளவுகோலால் மூக்கை அளந்ததோடு படங்களும் எடுத்தார். படத்துக்குக் கீழே ஜாதியின் பெயர் இருக்கும். மனிதனின் பெயர் இருக்காது. 'பெர்ஷியன் மொராக்கோ'வில் ஊர் அழிந்த மாதிரியே இதிலும் ஒன்று அழிகிறது. தோல் தொடுகிற ஜாதி என்று ஒருவனை நிறுத்திப் படம் எடுத்த அக்காலத் தகடு, அவன் தொட்டதாகச் சொல்லப்பட்ட அதே வஸ்துவால் ஆனது. தகட்டின் தீட்டை யாரும் அளக்கவில்லை.

பட்டைக் காலம் மெல்ல முடிந்தது. சீதாராமையா கமிட்டியின் சிபாரிசை ஒட்டி 1973-ல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது; பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுத் தோலாகவும் ஷூவாகவும் அனுப்ப வேண்டும் என்றாயிற்று. ஷாப்புகள் குரோமுக்கு மாறின. இதன் பயனை ஆம்பூர் அனுபவித்தது, விலையைப் பாலாறு கொடுத்தது. ராணிப்பேட்டையில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இந்த ஆற்றின் பேரில்தான். 2015 ஜனவரி 31 விடிவதற்குள் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அப்போது பத்திரிகைப் படங்களிலிருந்து ஜெலட்டின் போய் வெகுகாலமாகியிருந்தது. படங்களுக்குக் கீழே எண்ணிக்கை இருந்தது.

அவரிடம் அப்பாவின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று இருந்தது. நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த வகைப் படம்தான்: இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, பின்னால் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள எடுத்தது. உயிரோடு இருக்கும்போது எடுக்கத் தோன்றவில்லையா என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மகன் ஸ்டூடியோவில் இருந்தும், கையில் சுண்ணாம்புப் புண்ணோடு அங்கே வந்து உட்கார அவருக்குக் கூச்சம். இறந்தது மே மாதம். வேலூரின் மே மாதத்தில் இருட்டறைத் தண்ணீர் சூடேறி, பிலிமின் ஜெலட்டின் இளகித் தாளைவிட்டு நழுவுகிற மாதிரி நழுவும். அதனால் கோடையில் ஹைப்போவோடு குரோம் ஆலம் சேர்ப்பது எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம், ஜெலட்டின் இறுகிக்கொள்ளும். அன்று ராத்திரி அந்த நெகட்டிவை அவர்தான் கழுவினார். குரோம் ஆலமும் அவர்தான் போட்டார். இதைச் சொல்லும்போது அவர் யாஷிகாவின் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதனால்தானோ என்னவோ படம் இன்னும் மங்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

குரோம் ஆலம் பதனிடும் உப்பு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஷாப்பில் அப்பா பார்த்த வேலையும் இருட்டறையில் தான் பார்த்த வேலையும் ஒன்றுதான் என்று எப்போதோ கண்டுகொண்டதாகவும், அதை யாரிடமும் சொல்ல அவசியம் ஏற்படவில்லை என்றும் சொன்னார். நான் புத்தகங்களைப் புரட்டி வந்து சேர்ந்த இடம் அது.

ஐஸோலெட் இப்போது மூடுகிறது. இருட்டில் பல்பை விட்டுப் பார்த்தாயிற்று. ஒரு புள்ளிகூட இல்லை. வேலை முடிந்த அன்று அவர் யாஷிகாவின் உறையைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். கெட்டியான பிசின் பக்கத்திலேயே இருந்தும் ரப்பர் சொல்யூஷனை மெலிதாகத் தடவினார். இது சீக்கிரம் விட்டுப்போகுமே என்றேன். உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "அடுத்தவன் பிரிக்கணும் இல்ல சார்" என்றார்.